பேட்மிண்டன்னா ஷட்டில் மட்டும்தானா? ஒரு கிராமத்தைக் குதிரை விளையாட்டின் தலைநகரமாக்கிய டியூக்கின் கதை

பேட்மிண்டன் என்றதும் நமக்கு பி.வி. சிந்துவும் இறகுப் பந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் குதிரை வளர்க்கும் ஒருவரிடம் போய் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். அவர் பேசப்போவது மட்டையைப் பற்றி அல்ல, ஈவென்டிங் என்கிற குதிரையேற்றப் போட்டியைப் பற்றி. இரண்டுக்கும் பேர் கொடுத்தது ஒரே இடம்தான். குளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பேட்மிண்டன் என்றொரு சின்ன கிராமம். அங்கே போஃபர்ட் டியூக் குடும்பத்தின் மாளிகை, பேட்மிண்டன் ஹவுஸ். பூனாவில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆடிக்கொண்டிருந்த இறகுப் பந்து ஆட்டத்துக்கு இந்த வீட்டின் பேர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒட்டிக்கொண்டது. குதிரைப் போட்டி வந்தது அதற்கு ரொம்ப காலம் கழித்து, 1949-இல். அதைக் கொண்டுவந்தவர் பத்தாவது போஃபர்ட் டியூக், ஹென்றி சாமர்செட்.

சரி, முதலில் ஈவென்டிங் என்றால் என்ன?

ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸ்ஸாஜ். மணல் மைதானத்தில் குதிரை நிதானமாக, அளந்து வைத்த மாதிரி அடியெடுத்து நடக்க வேண்டும். கிட்டத்தட்ட பரதநாட்டிய அடவு மாதிரி, ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அடுத்தது கிராஸ் கன்ட்ரி. இன்றைய உச்சகட்டப் போட்டிகளில் ஆறு கிலோமீட்டருக்கு மேல், பதினோரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில், மரக்கட்டை, பள்ளம், வேலி, குளம் என்று எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். இந்தத் தடைகள் ஆடாது, அசையாது. குதிரை மோதினால் தடை விழாது, குதிரைதான் விழும். கடைசியாக ஷோ ஜம்பிங். முந்தைய நாள் ஓடிக் களைத்த அதே குதிரை, தொட்டாலே விழுந்துவிடும் கம்புகளைக் கவனமாகத் தாண்ட வேண்டும்.

எல்லாமே அபராதக் கணக்கு. கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒரு தடையில் தாண்ட மறுத்து நின்றுவிட்டால் 20 புள்ளி, ஷோ ஜம்பிங்கில் கம்பு விழுந்தால் 4. கடைசியில் யாருக்குக் குறைவான அபராதமோ அவரே ஜெயித்தவர். நம்ம பெங்களூரு ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் இந்தப் போட்டியில்தான்.

இதன் ஆதி ராணுவம். அணிவகுப்பில் அடக்கமாக நிற்கவும், போர்க்களத்தில் பாய்ந்து ஓடவும், மறுநாள் திரும்ப வேலைக்கு வரவும் ஒரு குதிரைக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை அது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதும் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். 1948 வரைக்கும் அப்படியே தொடர்ந்தது.

எல்லோருக்கும் ‘மாஸ்டர்’

ஹென்றி சாமர்செட் பிறந்தது 1900 ஏப்ரல் 4. சிறுவனாக இருக்கும்போதே அவருக்கென்று ஒரு வேட்டை நாய்க் கூட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்போது ஒட்டிய ‘மாஸ்டர்’ என்ற பட்டப்பெயர் சாகும்வரை போகவில்லை. ஈட்டன் பள்ளி, சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி, ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு என்று அந்தக் காலப் பிரபுக்களின் வழக்கமான பாதைதான். 1923-இல் ராணி மேரியின் அண்ணன்/தம்பி வழி மருமகள் மேரி கேம்பிரிட்ஜைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷமே அப்பா இறந்துபோக, 24 வயதில் டியூக் ஆனார். குழந்தைகள் இல்லை.

அவர் மனசெல்லாம் நரி வேட்டையில்தான். போஃபர்ட் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவுக்கு அறுபது வருஷம் தலைவர். கார் நம்பர்கூட எம்.எஃப்.ஹெச். 1. நரி வேட்டை நாய்களின் தலைவர் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. ஃபேன்ஸி நம்பர் மோகம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

1936-இல் மாஸ்டர் ஆஃப் தி ஹார்ஸ் பதவி வந்தது. அரச குடும்பத்தின் குதிரைகள், ரதங்கள், ஊர்வலங்களோடு சேர்ந்த பழம்பெரும் பதவி. எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத் என மூன்று பேரின் காலத்திலும், 1978 வரை அதில் இருந்தார். வேறு யாரும் அந்தப் பதவியில் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்களில் ராணி மேரி லண்டனை விட்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே ஐம்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள். விருந்தாளி வந்து, வீட்டுக்காரர்கள் சொந்த மாளிகையில் ஓரிரு அறைகளுக்குள் ஒதுங்கிக்கொண்ட கதை அது. சுவரில் படர்ந்த ஐவி கொடியைக் கண்டாலே மகாராணிக்கு ஆகாது. வெட்டச் சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

1948: ஏமாற்றத்தில் பிறந்த யோசனை

போர் முடிந்து லண்டனில் 1948 ஒலிம்பிக். ஈவென்டிங் போட்டி ஆல்டர்ஷாட்டில் நடந்தது. அமெரிக்கா குழுத் தங்கம், ஸ்வீடன் வெள்ளி, மெக்ஸிகோ வெண்கலம். தனிநபர் தங்கம் ஃபிரான்ஸின் பெர்னார் ஷெவாலியேவுக்கு. சொந்த மண்ணில் ஆடிய பிரிட்டனுக்கு இந்தப் போட்டியில் பதக்கமே இல்லை.

டியூக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உறுத்திய விஷயம் இதுதான்: வேலியும் பள்ளமும் கல்சுவரும் தாண்டுகிற குதிரைகள் இங்கிலாந்து கிராமங்களில் நிறைய இருக்கின்றன. வேட்டைக்காகவே பழக்கப்பட்டவை. ஓட்டுகிறவர்களுக்கும் பயமில்லை. அப்புறம் ஏன் தோற்கிறோம்? காரணம், டிரெஸ்ஸாஜை அவர்கள் மதிக்கவேயில்லை. அது சர்க்கஸ்காரன் வேலை என்கிற நினைப்பு பலருக்கும் இருந்தது. அதோடு மூன்று சோதனைகளையும் சேர்த்துப் பழக நாட்டில் ஒரு போட்டிகூட கிடையாது. பரீட்சையே எழுதிப் பார்க்காதவனை நேரே பொதுத்தேர்வுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

தன் பூங்காவிலேயே நடத்துங்கள் என்று பிரிட்டிஷ் ஹார்ஸ் சொஸைட்டியிடம் இடத்தைக் கொடுத்தார் டியூக். அடுத்த வருஷமே போட்டி தயார். அந்த நேரத்து நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1949-இல் இங்கிலாந்தில் இறைச்சிக்கும் ரேஷன், பெட்ரோலுக்கும் ரேஷன். ரயிலும் பஸ்ஸும் அடிக்கடி போகாத ஒரு கிராமத்தில், பேர்கூடத் தெரியாத ஒரு விளையாட்டு. கர்னல் ட்ரெவர் ஹார்ன் என்பவர் தடைகளை வடிவமைத்தார்.

பிரிட்டன், அயர்லாந்து என இரண்டு நாடுகளிலிருந்து 22 குதிரைகள் புறப்பட்டன. எட்டு குதிரைகளால் கிராஸ் கன்ட்ரியை முடிக்கவே முடியவில்லை. கோல்டன் வில்லோ என்ற குதிரையில் ஜான் ஷெடன் ஜெயித்தார்.

பெரிய நிலம் சும்மா கிடந்தது, அதனால் முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். ஸ்டேடியம் கட்டத் தேவையில்லை, குத்தகை கேட்க வேண்டியதில்லை, அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் டியூக் சொன்னால் மறுபேச்சில்லை. நிலப்பிரபுத்துவம் இல்லாமல் இந்தப் போட்டியே இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே அளவு நிலம் வைத்திருந்த மற்ற பிரபுக்களுக்கு அந்த யோசனை முதலில் வரவில்லை. அந்தப் பெருமை டியூக்குக்கே.

ஒரு கொடியின் தவறான பக்கம்

பலன் உடனே கிடைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் ராணுவத்தில் இல்லாத ஆண்களுக்கும் வாசல் திறந்தது. டெவன் பகுதி விவசாயி பெர்ட்டி ஹில் பிரிட்டன் அணியில் வந்தார். ஆனால் லாரன்ஸ் ரூக் கிராஸ் கன்ட்ரியின் முடிவுப் பகுதியில் விழுந்து தலையில் அடிபட்டு, அந்த மயக்கத்திலேயே திரும்ப ஏறி ஓட்டி, இறுதிக் கொடியின் தப்பான பக்கமாகப் போய்விட்டார். தகுதி நீக்கம். மூன்று பேரும் முடித்தால்தான் அணிக் கணக்கு என்பதால் மொத்த அணிக்கும் கதை முடிந்தது.

1953-இல் முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பே பேட்மிண்டனில் நடந்தது. தனிநபர் பட்டம் அதே ரூக்குக்கு, அணிப் பட்டம் பிரிட்டனுக்கு. மூன்று வருஷம் கழித்து 1956 ஒலிம்பிக் மெல்போர்னில். ஆனால் ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டம் கடுமையானது என்பதால் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன. ஃபிராங்க் வெல்டன், லாரன்ஸ் ரூக், பெர்ட்டி ஹில் மூவரும் சேர்ந்து குழுத் தங்கம் வாங்கினார்கள். வெல்டனுக்குத் தனிநபர் வெண்கலமும் கிடைத்தது. ஆல்டர்ஷாட் ஏமாற்றத்துக்கும் இந்தத் தங்கத்துக்கும் நடுவில் எட்டே வருஷம்.

அரசி எலிசபெத் குடும்பத்தோடு வந்து பார்க்க ஆரம்பித்ததும் கூட்டமும் சேர்ந்தது. டியூக் வீட்டு விருந்தாளியாக வந்து, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்து போட்டி பார்ப்பார். அரசியைப் பார்க்க வந்தவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அடுத்த வருஷம் குதிரையைப் பார்க்கவே வந்தார்கள். 1955-இல் மட்டும் அரசியின் அழைப்பின்பேரில் போட்டி வின்ட்ஸருக்குப் போய்த் திரும்பியது.

பெண்கள் ஜெயித்தார்கள், ஒலிம்பிக் மறுத்தது

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். பேட்மிண்டனில் ஆண், பெண் என்று தனிப் பிரிவு கிடையாது. ஒரே தடை, ஒரே கடிகாரம். 1954-இல் பாம்பி என்ற குதிரையில் மார்கரெட் ஹஃப் ஜெயித்து முதல் பெண் சாம்பியன் ஆனார். பிறகு ஷீலா வில்காக்ஸ். 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று முறை. இன்றுவரை வேறு யாரும் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்ததில்லை.

ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்ப முடியவில்லை. பெண்களுக்கு ஈவென்டிங் ஆபத்து என்பது ஒலிம்பிக் விதி. அதே ஆபத்தான தடைகளை மூன்று வருஷம் தாண்டி ஆண்களைத் தோற்கடித்தவருக்கு இந்தக் காரணத்தைச் சொன்னார்கள்! 1964 டோக்கியோவில்தான் தடை விலகியது. 1968-இல் லண்டன் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஜேன் புல்லன் பேட்மிண்டனில் ஜெயித்து, அதே வருஷம் மெக்ஸிகோவில் குழுத் தங்கமும் வாங்கினார். டியூக் பெண்ணியம் பேசியவர் அல்ல, பழைய மரபில் ஊறியவர். ஆனாலும் அவர் பூங்காவில் பெண்களுக்குக் கதவு மூடப்படவில்லை என்பது பதிவில் இருக்கிறது.

சேறு, மழை, சாராயக் கம்பெனி

கிராமத்தில் போட்டி நடத்துவது ஒன்றும் லேசான வேலையில்லை. வசந்த காலத்து மழை எப்போது கொட்டும் என்று தெரியாது. 1963-இல் மழை காரணமாக ஒரே நாள் போட்டியாகச் சுருக்கினார்கள். 1966-இல் நடக்கவேயில்லை. 1975-இல் டிரெஸ்ஸாஜ் முடிந்த கையோடு நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம் குதிரை மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான கார்களை நிறுத்துவது வயலில். சேற்றில் சக்கரம் புதைந்தால் அவ்வளவுதான்.

1960-களில் பீர் தயாரிக்கும் விட்பிரெட் நிறுவனம் ஸ்பான்ஸராக வந்து முப்பது வருஷம் இருந்தது. 1956-இல் தங்கம் வாங்கிய வெல்டன் பின்னாளில் போட்டியின் இயக்குநராகவும் தடை வடிவமைப்பாளராகவும் ஆனார். ஓட்டுபவரை நடுங்க வைக்கணும், குதிரைக்கு அடிபடக் கூடாது என்பது அவர் கொள்கை. எப்போதும் அது பலிக்கவில்லை. டியூக் காலத்துக்குப் பின்னால், 1992 போட்டியில் மூன்று குதிரைகள் இறந்தன. மோதினால் கழன்று விழும் தடைகள் இந்த விளையாட்டில் வந்தது 2000-க்குப் பிறகுதான். பல உயிர்கள் போன பிறகு.

பேட்மிண்டனைப் பார்த்து மற்ற எஸ்டேட்டுகளும் இறங்கின. 1961-இல் தொடங்கிய பர்லி போட்டி அதில் பெரியது. அதற்கு இடம் கொடுத்தவர் எக்ஸிடர் பிரபு டேவிட் பர்லி, 1928 ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். இன்று உலகத்தில் ஐந்து நட்சத்திர ஈவென்டிங் போட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பேட்மிண்டன், பர்லி இரண்டுமே அதில் உண்டு. கிராஸ் கன்ட்ரி நாளில் பேட்மிண்டன் பூங்காவில் லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள்.

கல்லறை வரை வந்த கோபம்

டியூக் 1984 பிப்ரவரி 5 அன்று, 83 வயதில் காலமானார். இரண்டு மாதம் கழித்து வழக்கம்போல் போட்டி நடந்தது. லூசிண்டா கிரீன் ஆறாவது முறையாக ஜெயித்தார். அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

அதே வருஷம் டிசம்பரில், நரி வேட்டையை எதிர்த்த ஒரு தீவிரக் குழுவினர் அவர் கல்லறையைத் தோண்ட முயன்றார்கள். ஒருவர் இறந்த பிறகு இப்படிச் செய்வதை எந்த நியாயமும் காப்பாற்றாது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாமல் இல்லை. நாட்டின் மிகப் பிரபலமான வேட்டைக்காரர் அவர். நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வதை இங்கிலாந்து 2004-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஈவென்டிங்குக்கு அவர் நம்பிய குதிரைகளும் ஆட்களும் அந்த வேட்டையில் பழகியவர்களே. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டுவது கஷ்டம்.

டியூக் பட்டம் தூரத்து உறவினரான டேவிட் சாமர்செட்டுக்குப் போனது. அவரும் சும்மா வாரிசு இல்லை. 1959 பேட்மிண்டன் போட்டியில் ஷீலா வில்காக்ஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர். 2001-இல் கோமாரி நோய், 2020, 2021-இல் கொரோனா என்று சில வருஷங்கள் தவறினாலும் போட்டி இன்றும் அதே பூங்காவில், மாளிகைக்கு எதிரே, மே மாதத்தில் நடக்கிறது. ஏரித் தடையில் தண்ணீரில் விழுகிறவர்களைப் பார்க்கத்தான் இன்றைக்கும் கூட்டம் அதிகம்.