இராமசாமி படையாட்சியார்: தன் கட்சியைக் கலைத்த தலைவர்

கண்டமங்கலமும் விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் உழவர் பூமி. மண்ணை உழுதவர் மிகப் பலர். மன்றங்களில் அமர்ந்தவரோ மிகச் சிலர். அந்த வழக்கத்தை மாற்றப் புறப்பட்டவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார்.

1918ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கடலூரில் பிறந்த அவர், இளமையிலேயே வன்னியர் சங்கப் பணியில் இறங்கினார். 1949இல் மாவட்டக் கழகத் தேர்தலில் 52 இடங்களுள் 22 இடங்களைச் சங்கம் கைப்பற்றியது. அந்தத் துணிவில் 1951இல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி பிறந்தது. மறு ஆண்டுப் பொதுத் தேர்தலில் சட்டமன்றத்துக்குப் பத்தொன்பதின்மரும் நாடாளுமன்றத்துக்கு நால்வரும் சென்றனர். 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே, பெரும்பான்மை இல்லை. அத்தகைய வேளையில் பத்தொன்பது என்பது சிறிய எண்ணன்று.

ஆறு இடங்களை வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் இராஜாஜி அமைச்சரவையில் உடனே சேர்ந்தார். படையாட்சியார் சேரவில்லை. 1954இல் காமராசர் அமைத்த எண்மர் அமைச்சரவையில்தான் உள்ளாட்சித் துறை ஏற்றார். உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

இதனைப் பதவிக்காகக் கட்சியை விற்ற செயலென்று பழிப்போர் உண்டு. அது முழு நியாயமன்று. ஓரிரு மாவட்டங்களுக்குள் அடங்கிய கட்சி, ஆளுங்கட்சியோடு எத்தனை நாள் பேரம் பேசிக்கொண்டிருக்க இயலும்? ஆயினும் இழப்பும் மெய்யே. பத்தொன்பதின்மரைக் கேட்டுப் பெற வேண்டிய நிலை ஆட்சியாளருக்கு அதன்பின் இல்லை. தோழராயிருந்த ஆ. கோவிந்தசாமி காங்கிரசுக்குச் செல்லாது திராவிட முன்னேற்றக் கழகம் சேர்ந்து, 1967இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். ஒரே வேரின் கிளைகள் இருவேறு பெருமரங்களில் ஒட்டின.

பின்னர் அரசியல் இரு கழகங்களுக்குள் அடங்கியபோது, 1980இலும் 1984இலும் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதியில் படையாட்சியார் காங்கிரசு வேட்பாளராக வென்றார். முதல் முறை தி.மு.க. கூட்டணி, மறுமுறை அ.தி.மு.க. கூட்டணி. வேட்பாளரும் தொகுதியும் மாறவில்லை. துணை நின்ற கழகம் மட்டுமே மாறியது.

1989இல் பாட்டாளி மக்கள் கட்சி தோன்றி, அவர் விட்ட இடத்திலிருந்து அதே மண்ணில் தனிக்கட்சி முயற்சியைத் தொடர்ந்தது. அதைக் கண்ட பின்னரே, 1992 ஏப்ரலில் அவர் மறைந்தார். 2019இல் அவர் திருவுருவப்படம் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது.