அல்டஸ் ஹக்ஸ்லியும் மெஸ்கலினும்

மருந்தொன்று மனிதனின் நம்பிக்கையை மாற்றவல்லதா என்னும் வினாவைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக வாதாடிய விஞ்ஞானி தோமஸ் ஹக்ஸ்லியின் பேரனாக 1894இல் இங்கிலாந்தில் பிறந்தார். பதினாறு வயதில் கண்நோய் கண்டு ஏறத்தாழக் குருடரானார். பிரெயில் எழுத்தைத் தடவிப் படித்தார். பார்வை ஓரளவே மீண்டது. பின்னாளில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இதனை நாம் மறத்தலாகாது.

1932இல் வெளியான ‘பிறேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில், மக்களை அடக்கிவைக்க அரசு வழங்கும் மாத்திரைக்கு அவர் இட்ட பெயர் சோமா; வேதகாலப் பானத்தின் பெயர். 1937இல் அமெரிக்கா சென்றார். கலிபோர்ணியாவின் வேதாந்த சங்கத்தில் சுவாமி பிரபவானந்தரோடு பழகினார்.

1953 மே மாதம், தம் இல்லத்தில், மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஒஸ்மண்டின் முன்னிலையில் 0.4 கிராம் மெஸ்கலினை நீரில் கரைத்து அருந்தினார். மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் வழிபாட்டிற் பயன்படுத்தும் பெயோட்டிக் கள்ளியிலுள்ள பொருள் அது. தெய்வங்கள் எவையும் தோன்றவில்லை. சாடியிலிருந்த மூன்று பூக்களும் தமது காற்சட்டையின் மடிப்புகளுமே பேரொளியோடு துலங்கின. அரைப்பார்வையில் வாழ்ந்தவருக்கு அது எத்தகைய காட்சியாயிருந்திருக்கும்! மூளை, உயிர்பிழைக்கத் தேவையானதை மட்டும் உள்ளே விடும் அடைப்பான்; மருந்து அதனைச் சற்றுத் தளர்த்துகிறது என 1954இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிரபவானந்தர் இவ்வழியை ஏற்கவில்லை. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் செய்னர் தாமும் மெஸ்கலின் உட்கொண்டு பார்த்து, 1957இல் மறுப்பு நூல் எழுதினார். மருந்து தரும் காட்சி மெய்ஞ்ஞானத்துக்குச் சான்றாகாது என்பதே எமது கருத்தும். ஆயினும் ஹக்ஸ்லியின் நேர்மையை நாம் ஐயுறவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அதே 1953இன் இறுதியில் அமெரிக்கப் பிரஜாவுரிமை விசாரணைக்கு அவர் தோன்றினார். நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீரா என்ற கேள்விக்கு இல்லையென்றார். மத நம்பிக்கையின் பேரில் மறுப்போருக்கு மட்டுமே சட்டம் விலக்களித்தது. மதத்தின் பேரில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தாற் போதும். பேரொளியைக் கண்ட அம்மனிதர் அதனைச் சொல்ல மறுத்தார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது, அவர் மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. விசாரணை மேசையின் முன் அமர்ந்தவர்கள் இதன் பாரத்தை அறிவர்.

1961இல் தீ விபத்தில் வீடும் கடிதங்களும் அழிந்தன. தப்பிய கையெழுத்துப் பிரதி 1962இல் ‘ஐலண்ட்’ நாவலாயிற்று. அதில் வரும் மருந்தின் பெயர் மோட்சம். அடக்கும் மாத்திரை விடுவிக்கும் மருந்தாகிவிட்டது. 1963 நவம்பர் 22 அன்று, கென்னடி கொல்லப்பட்ட அதே நாளில், புற்றுநோயால் இறந்தார். அவர் வேண்டியபடி மனைவி லோரா எல்.எஸ்.டி. ஊசி ஏற்றியிருந்தார். அஸ்தி 1971இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது.