ஐம்பதில் மீண்டும் தொடங்கியவர்: ஜோஹ்ரா சேகல் அம்மையார்

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நின்று நோக்குவார்க்குக் கப்பல்கள் வருவதும் போவதும் நாளும் காணும் காட்சி. ஒரு கரையில் ஏற்றிய சுமையை மறுகரையில் இறக்குகின்றன அக்கலங்கள். மனிதர் பெயரும்போது நிகழ்வது வேறு. சொந்த ஊரில் ஈட்டிய பெயரையும் மதிப்பையும் இக்கரையிலேயே இறக்கிவிட்டு, எவரும் அறியாதவராய் அக்கரையில் கால் வைக்கவேண்டியுள்ளது. வடக்கே பழவேற்காடு தொடங்கித் தெற்கே இராயபுரம் வரை, கடல்கடந்த முன்னோரைப் பற்றிய பேச்சு எழாத முஸ்லிம் இல்லங்கள் குறைவு. தந்தையரை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியர் இன்றும் நம் வகுப்புகளில் உளர். ஆதலின், அவ்வாறு பெயரை இறக்கிவைத்துவிட்டுப் புலம்பெயர்ந்த ஒருவரின் வாழ்வை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அவரே நாடக, நடன, திரைக் கலைஞராய் விளங்கிய ஜோஹ்ரா சேகல் அம்மையார்.

நடிகை ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி மலரில் எழுதுவதோ எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அம்மையார் சென்ற வழியினை எல்லாரும் ஏற்பர் என்றும் கூறவில்லை. ஆயினும், உழைப்புக்கும் கல்விக்கும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் காட்டிய நேர்மை எத்துறையில் வெளிப்பட்டாலும் அது மாணவர்க்குப் பாடமாகும் என்பது எம் துணிபு.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வட இந்தியாவின் சகாரன்பூரில் பிறந்தார். இராம்பூர் வழிவந்த ரோகில்லாப் பட்டாணியர் குடும்பம் அது. பெற்றோர் இட்ட பெயர் சாகிப்ஜாதி ஜோஹ்ரா பேகம் மும்தாஜுல்லா கான். மக்கள் எழுவருள் இவர் மூன்றாமவர். மழலைப் பருவத்திலேயே கண்ணழுத்த நோயால் இடக்கண்ணின் பார்வை குன்றியது. மரம் ஏறுவதும் வெளியில் ஓடியாடுவதும் விரும்பிய துடுக்கான சிறுமியாய் வளர்ந்தார்.

தாயார் இவர் இளமையிலேயே மறைந்தார். தம் பெண்மக்கள் இலாகூரில் உள்ள குயின் மேரி கல்லூரியில் பயிலவேண்டும் என்பதே அத்தாயாரின் இறுதி விருப்பமாய் இருந்தது. பர்தா முறை கண்டிப்புடன் பேணப்பட்ட கல்வி நிலையம் அது. பெண்கல்வி அரிதாயிருந்த அந்நாளில், இறக்குந் தறுவாயில் ஓர் அன்னை மக்களுக்கு நகையையோ நிலத்தையோ வேண்டாது கல்வியை வேண்டினார் என்பதை நம் பெற்றோர் சிந்தையில் இருத்துதல் வேண்டும். பின்னாளில் மகள் சென்ற தொலைவனைத்திற்கும் முதலடி அவ்விருப்பத்திலேயே எடுத்து வைக்கப்பட்டது.

அயல்நாட்டில் கற்ற கலை

படிப்பு முடிந்தபின் திருமணம் என்பதே குடும்ப வழக்கம். ஜோஹ்ராவோ நடிப்பு கற்க விழைந்தார். எடின்பரோவில் வாழ்ந்த தாய்மாமன் துணைநின்றார். மாமனும் மருமகளும் கார் வழியாகவே பயணம் புறப்பட்டனர். ஈரான், பாலத்தீனம், சிரியா ஆகிய நாடுகளைக் கடந்து எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பலேறி ஐரோப்பா சேர்ந்தனர். பெண்கள் மூடுபல்லக்கில் ஊர் கடந்த காலத்தில், இருபது அகவைகூட நிரம்பாத முஸ்லிம் நங்கை ஒருவர் மேற்கொண்ட அப்பயணம் இன்றும் வியப்பளிப்பதே.

ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் மேரி விக்மன் என்னும் அம்மையார் புதுமுறை நடனப் பள்ளி நடத்திவந்தார். அதுவரை நடனம் கற்றிராத ஜோஹ்ரா, தேர்வில் வென்று அங்குச் சேர்ந்து மூன்றாண்டுகள் பயின்றார். உடலை வசப்படுத்தும் ஒழுங்கை அங்கேதான் பெற்றார். நாள்தோறும் உடற்பயிற்சி செய்யும் அவ்வழக்கம் தொண்ணூறு கடந்த பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை.

அந்நகரிலேயே உதயசங்கரின் நடனத்தைக் கண்டார். பின்னாளில் நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்னும் நாட்டியப் படத்தை உருவாக்கி 1948இல் வெளியிட்டவர் இவ்வுதயசங்கரே. அன்னாரின் குழுவில் 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் ஜோஹ்ரா சேர்ந்தார். ஜப்பான், எகிப்து, ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா எனப் பல நாடுகளிலும் முன்னணி நடன மங்கையாய் ஆடினார். பின்னர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலைமையத்தில் ஆசிரியரானார்.

அங்குத்தான் காமேஷ்வர் சேகல் என்பாரைச் சந்தித்தார். அறிவியலும் ஓவியமும் நடனமும் கற்ற அவ்விளைஞர் இந்து சமயத்தவர். ஜோஹ்ராவினும் எட்டாண்டு இளையவர். சமயம் கடந்த இத்திருமணத்திற்கு வீட்டாரிடம் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. முடிவில் 1942 ஆகஸ்டு 14இல் திருமணம் நிகழ்ந்தது. அவ்விழாவிற்கு வருவதாயிருந்த ஜவாகர்லால் நேரு, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சில நாள்களுக்கு முன்னரே சிறைப்பட்டார்.

பிருதிவி நாடகக் குழு

தம்பதியர் இலாகூரில் நடனப்பள்ளி தொடங்கினர். வகுப்புப் பூசல் மூண்டெழத் தொடங்கவே அதனை விடுத்துப் பம்பாய் வந்தனர். நடிகர் பிருதிவிராஜ் கபூர் நடத்திய நாடகக் குழுவில் தங்கை உஸ்ரா ஏற்கெனவே நாயகியாய் விளங்கினார். 1945இல் ஜோஹ்ராவும் மாதம் 400 ரூபாய் ஊதியத்தில் அதில் இணைந்தார்.

தங்கை நாயகி; அக்காள் துணைப்பாத்திரம். உலக அரங்குகளில் முன்னணியில் ஆடி வந்தவர்க்கு இந்நிலை எளிதன்று. எனினும், நாயகிக்குரிய தோற்றம் தமக்கில்லை என்பதை அவர் ஒளித்தாரில்லை. கிடைத்த பாத்திரம் சிறியதாயினும் அதனைச் செம்மை செய்தார். குழுவின் நடனங்களையும் அமைத்தார். நாட்டுப் பிரிவினை, இந்து முஸ்லிம் நட்பு முதலிய பொருள்களை 'தீவார்', 'பட்டாண்' ஆகிய நாடகங்கள் மேடையேற்றின. நாடகம் முடிந்ததும் பிருதிவிராஜ் வாயிலில் துணியேந்தி நின்று, துயருற்றோர்க்காகப் பொருள் திரட்டுவார். அக்குழுவோடு நாடெங்கும் பதினான்கு ஆண்டுகள் அம்மையார் ஊர் ஊராய்ச் சென்றார். மூன்றாம் வகுப்புப் புகைவண்டிப் பயணமும் கூட்டுச் சமையலுமாய்க் கழிந்த அந்நாள்களே அவர்க்குப் பல்கலைக்கழகம் எனலாம்.

இதனிடையே இந்திய மக்கள் நாடக மன்றத்தோடும் தொடர்பு கொண்டார். வங்கப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு குவாஜா அகமது அப்பாஸ் இயக்கிய 'தர்த்தி கே லால்', கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசு பெற்ற படங்களுள் ஒன்றான 'நீச்சா நகர்' ஆகிய இரண்டிலும் 1946இல் நடித்தார்.

நாடு பிரிந்தபோது உடன்பிறந்தோர் பலர் எல்லைக்கு அப்பால் சென்றனர். ஜோஹ்ரா இந்தியாவிலேயே தங்கினார். தங்கை உஸ்ராவும் 1964இல் பாகிஸ்தானில் குடியேறினார். ஒரே மேடையில் நின்ற சகோதரியரைப் பிரித்த அக்கோடு, பல குடும்பங்களைப் பிரித்த கோடேயாகும்.

ஐம்பதில் ஒரு தொடக்கம்

1959இல் பேரிடி விழுந்தது. கணவர் அகால மரணம் எய்தினார். இரு குழந்தைகளோடு தனித்து நின்ற அம்மையார், தில்லி சென்று ஒரு நாட்டியக் கழகத்தின் இயக்குநர் பொறுப்பேற்றார். 1962இல் நாடகம் பயிலும் உதவித்தொகை பெற்று இலண்டன் புறப்பட்டார். அப்போது அவர் அகவை ஐம்பது. அடுத்த ஆண்டே சங்கீத நாடக அகாதெமியின் விருது அவர்க்கு வழங்கப்பட்டது. தாய்நாடு விருதளித்துப் போற்றிய அக்காலத்தில், அவர் வாழ்ந்த நகரமோ அவரை அறியவில்லை.

இலண்டனில் நடனக் கலைஞர் இராம் கோபாலின் பள்ளியில் ஆசிரியராய் இருந்தார்; அப்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை. கிப்ளிங்கின் கதையொன்றைத் தழுவிய பி.பி.சி. தொலைக்காட்சி நாடகத்தில் 1964இல் நடித்தார். ஆங்கிலத் தொலைக்காட்சியிலும் மேடையிலும் ஆசியப் பெண்களுக்கு அந்நாளில் கிடைத்த வேடங்கள் மிகச் சில; அவையும் ஓரிரு காட்சிகளுக்குரியவை. வேலையற்ற மாதங்கள் பல. அக்காலத்தில் நாடக அரங்கொன்றில் ஒப்பனையறைப் பணியாளாய்ச் சேர்ந்து, பிற நடிகர்க்கு உடை அணிவித்தார். தாமே மேடையில் நின்று கைத்தட்டல் பெற்றவர், திரைக்குப் பின்னே பிறர் ஆடையை மடித்துவைத்து நின்றார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஊரில் ஆசிரியராய் இருந்தவர் அயல்நாட்டில் கடைச் சிப்பந்தியாவதையும், இங்கே முதலாளியாய் இருந்தவர் அங்கே ஓட்டுநராவதையும் நாம் அறிவோம். அவருள் பலர் விடுமுறையில் வரும்போது தம் தொழிலை உறவினரிடம் மறைக்கின்றனர். அம்மையார் மறைத்தாரில்லை. தம் வாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்நாள்களையும் சேர்த்தே பேசினார். இழிந்த தொழில் என ஒன்றில்லை. நேர்மையற்ற தொழிலே இழிந்தது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். ஒப்பனையறையில் நின்ற காலத்தும் உடற்பயிற்சியையும் குரற்பயிற்சியையும் அவர் கைவிடாமையே இதனினும் உயர்ந்தது. வாய்ப்பு வரும் நாள் எதுவென அறியாமலே அந்நாளுக்கு ஆயத்தமாய் இருந்தார்.

1976, 1977ஆம் ஆண்டுகளில், குடியேறிய தெற்காசியர்க்கென ஒளிபரப்பான 'படோசி' தொலைக்காட்சித் தொடரின் 26 பகுதிகளைத் தொகுத்து வழங்கினார். எழுபது அகவையை எட்டியபின்னரே பெருவாயில் திறந்தது. 1984இல் வெளியான 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொடரில் இலிலி சாட்டர்ஜி சீமாட்டியாய்த் தோன்றி ஆங்கில மக்களின் உள்ளம் கவர்ந்தார். தொடர்ந்து 'தந்தூரி நைட்ஸ்', 'பாஜி ஆன் தி பீச்' முதலியவற்றில் நடித்தார்.

முதுமையில் கனிந்த கலை

1993இல் இலாகூரில் 'ஏக் தீ நானி' என்னும் நாடகம் மேடையேறியது. அதில் ஜோஹ்ராவும் உஸ்ராவும் பல்லாண்டு இடைவெளிக்குப்பின் ஒருங்கே நடித்தனர். ஒருத்தி எல்லைக்கு இப்பால், மற்றொருத்தி அப்பால் எனப் பிரிந்த சகோதரியர் எண்பது அகவையை ஒட்டிய முதுமையில் ஒரே மேடையில் கைகோத்து நின்றனர். அரசுகளால் இயலாத ஒன்றை ஒரு நாடகம் ஒரு மாலைப்பொழுதிலேனும் இயற்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மையார் இந்தியா திரும்பினார். ஓய்வுக்கு உரியதென நாம் கருதும் அகவையில் அவர்தம் திரைவாழ்வு தழைத்தது. மணிரத்னம் இயக்கித் தமிழில் 'உயிரே' எனவும் வெளிவந்த 'தில் சே' (1998), 'பெண்ட் இட் லைக் பெக்காம்' (2002), 'வீர் சாரா' (2004) ஆகியன அவற்றுட் சில. 2007இல், தொண்ணூற்றைந்து அகவையில், 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனின் தாயாய் நடித்தார். அவ்வாண்டே வெளிவந்த 'சாவரியா' அவர்தம் இறுதிப் படமாயிற்று.

திரையினும் பெரிதாய் அவர்க்குப் புகழ் தந்தது கவிதை கூறல். ஃபைஸ் அகமது ஃபைஸ், ஹஃபீஸ் ஜாலந்தரி முதலியோரின் உருதுக் கவிதைகளை ஏடு நோக்காது உணர்ச்சி ததும்ப உரைப்பார். அவை நிறைந்து கேட்கும். சீறாப்புராணத்தில் பத்துப் பாடல்களையேனும் பிழையறச் சொல்ல இயலாத நம் மாணவர்க்கு, நூறு அகவையை நெருங்கிய மூதாட்டியின் நினைவாற்றல் ஓர் அறைகூவலன்றோ?

அரசு 1998இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண், 2010இல் பத்மவிபூஷண் எனப் படிப்படியாய் அவரைச் சிறப்பித்தது. 2004இல் சங்கீத நாடக அகாதெமி தன் மதிப்புறு உறுப்பினராக்கியது. மகளும் ஒடிசி நடனக் கலைஞருமான கிரண் சேகல், தாயின் வாழ்க்கையை நூலாக்கினார். 2014 சூலை 10ஆம் நாள், தமது நூற்றிரண்டாம் அகவையில், அம்மையார் தில்லியில் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையார் வாழ்வைப் பின்னோக்கிக் காணும்போது, அவர் ஐந்து முறை தொடக்கநிலை மாணவராய் நின்றமை புலனாகின்றது. திரெஸ்டனில், அல்மோராவில், பம்பாயில், இலண்டனில், இறுதியாய் முதுமையில் மீண்டும் தாய்நாட்டில். ஒவ்வொரு முறையும் முன்னைய பெருமையை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்நுழைந்தார். கற்றதை மட்டும் உடன் கொணர்ந்தார். பெயரும் பதவியும் கரையிலேயே தங்கிவிடும். கல்வியும் பயிற்சியுமோ எக்கரைக்கும் உடன்வரும்.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவ மாணவியருள் சிலர் நாளை இத்துறைமுகங்களிலோ, சிலர் கடல்கடந்த நாடுகளிலோ பணிபுரியச் செல்லக்கூடும். முதற்பணி எளியதாய் அமைந்தால் மனம் தளரற்க. ஒப்பனையறையில் உடை மடித்து நின்ற ஐம்பது அகவைப் பெண்ணை நினைவிற் கொள்க. இன்றைய வகுப்பில் கற்பதை உள்ளன்போடு கற்க. எஞ்சியதை இறைவன் நாடிய நாளில் அவனே அருள்வான்.