மயிலாடியில் காத்திருந்த மகாராசன்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, வடசேரி சந்தைப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். கூட வந்த நம் சபை சகோதரி ஒருவர் மனம் விட்டுப் பேசினார்கள். மகனுடைய இரட்சிப்புக்காக எட்டு மாதமாய் ஜெபிக்கிறார்களாம். ஒன்றும் நடக்கல்லியே, இனிமேல் என்னத்தைக் கேட்க என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். அந்த நேரம் எனக்கு ஒரு ஒழுங்கான பதில் வரவில்லை. இராத்திரி படுத்தபோதுதான் மயிலாடி வேதமாணிக்கம் ஐயா ஞாபகம் வந்தார். அவருடைய சரித்திரத்தை இந்த மாதம் எழுதுகிறேன்.

வேதமாணிக்கம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்ம ஜில்லாவில் குறைவு. ஆனால் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய முதல் பெயர் மகாராசன். பெயர்தான் மகாராசன். சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அந்தக் குலத்தாருக்கு நம் நாட்டுக் கோவில்களுக்குள் போக வழியில்லை. கோவில் தெருவில் நடக்கவும் வழியில்லை. மயிலாடிக்கும் சுசீந்திரத்துக்கும் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் கொஞ்ச நேரந்தான். ஆனால் அந்தக் கோவில் வாசல் அவருடைய ஜனங்களுக்குத் திறந்தது 1936-ல், ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த பிறகு. மகாராசன் காலமோ அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னே.

அப்படிப்பட்டவர் தெய்வத்தைத் தேடுவதை விட்டுவிட்டாரா? இல்லை, பாத்துக்கிடுங்க. மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். தன் மருமகனையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்சும் ரயிலும் இல்லாத காலம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, திருநெல்வேலி, மதுரை வழியாக வடக்கே போகவேண்டும். நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு தூரம் நடந்து போய்ச் சேர்ந்தும், அங்கேயும் அவருக்கு வெளியே நிற்கத்தான் இடம். அங்கே கண்ட காரியங்களும் அவர் மனதுக்குச் சமாதானம் தரவில்லை. அந்த இராத்திரி சொப்பனத்தில் ஒருவர் தோன்றி, அவரைக் கடிந்துகொண்டு, திரும்பிப் போகச் சொன்னதாகச் சபைச் சரித்திரம் சொல்லுகிறது. இன்னும் இயேசுவின் நாமத்தை அறியாத ஒரு மனிதனோடே கர்த்தர் சொப்பனத்தில் இடைப்பட்டார். இதை எழுதும்போதே என் உள்ளம் ஸ்தோத்திரம் சொல்லுகிறது. அவர் எந்த ஜெபக் குறிப்பும் எழுதி வைத்து ஜெபிக்கவில்லை. அவருடைய கால் வலிதான் அவருடைய ஜெபம் என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் தஞ்சாவூரில் தங்கினார். அங்கே அவருடைய உறவினர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். அவர்களோடு ஆராதனைக்குப் போனார். சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல் மரித்தபின் அந்தச் சபையைக் கவனித்துவந்தவர் அவருடைய சீஷரான கோலாஃப் ஐயர். சிதம்பரத்தில் வாசலுக்கு வெளியே நின்றவர், தஞ்சாவூரில் சபைக்குள்ளே உட்கார்ந்து வசனம் கேட்டார். வந்த வேலை முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 1799-ல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

இங்கேதான் நம்மில் பலர் சரித்திரத்தை முடித்து அல்லேலூயா சொல்லிவிடுவோம். கஷ்டம் இதற்கு அப்புறந்தான்.

கோலாஃப் ஐயர் கொடுத்த தமிழ்ப் புத்தகங்களோடு வேதமாணிக்கம் ஊருக்கு வந்தார். குடும்பம் வணங்கிவந்த விக்கிரகங்களை விலக்கினார். தனக்குத் தெரிந்ததைச் சொந்தக்காரருக்கு வாசித்துக் காட்டினார். கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள், எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது. பாஸ்டர் கிடையாது, ஆலயம் கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குத்தான் நடக்கவேண்டும். அவருக்கே நேற்று அறிந்த விசுவாசம். அதை வைத்து ஒரு கூட்டத்தைத் தாங்கவேண்டும். நெருக்கம் அதிகமாகி, ஊரையே விட்டுத் தஞ்சாவூர்ச் சீமைக்குக் குடிபோய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள். அவரும் சோர்ந்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஒரு போதகரைக் கேட்டு மறுபடியும் வடக்கே போனார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1804-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் படித்துக்கொண்டிருந்தார். அவர் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த உடனே வந்துவிட்டாரா? இல்லை. 1806 ஏப்ரல் 25-ம் தேதிதான் ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1799-ல் இருந்து கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஏழு வருஷம்.

வந்த பிறகும் ஆலயம் கட்ட சர்க்கார் அனுமதி லேசில் கிடைக்கவில்லை. ரெசிடென்ட் மெக்காலே துரையின் தயவால் அனுமதி கிடைத்து, 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பிற்று. மேலும் மூன்று வருஷம்! தாமரைகுளம், பிச்சைக்குடியிருப்பு போன்ற ஊர்களிலும் சபைகள் உண்டாயின. ரிங்கல்தௌபே ஐயர் ஒரு விநோதமான பரிசுத்தவான். கையில் வந்த சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த உடுப்போடு நடந்தவர். கூட்டம் சேருவதைப் பார்த்து மயங்கவும் மாட்டார். வரியிலும் ஊழியவேலையிலும் இருந்து தப்பிக்கவே பலர் வருகிறார்கள் என்று வேதனைப்பட்டு, ஞானஸ்நானம் கொடுக்கும் முன் நன்றாகச் சோதித்தார். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

1816-ல் உடம்பு முடியாமல் அவர் இந்த நாட்டை விட்டுப் போனார். போகும்போது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்புவித்தார். தன் அங்கியை அவருக்கு உடுத்திவிட்டுப் போனார் என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள். போனவர் எங்கே மரித்தார் என்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுபடியும் தனிமை. ஆனால் 1799-ல் திரும்பி வந்தவரும் 1816-ல் அங்கி உடுத்து நின்றவரும் ஒரே ஆள் அல்ல. முதலில் குடிபெயர்ந்து போகலாம் என்று யோசித்தவர், இந்த முறை போக யோசிக்கவில்லை. மீட் ஐயர் வரும்வரை சபைகளைத் தாங்கினார். மீட் ஐயர் 1818-ல் நாகர்கோவிலில் ஊழியத்தை ஸ்தாபித்தார். மறு வருஷம் ஜனவரி முதல் தேதி அங்கே பெரிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடப்பட்டது. நாகர்கோவில் போகிற நாமெல்லாம் பார்க்கிற ஹோம் சர்ச் அதுதான். வேதமாணிக்கம் 1827-ல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.

அவர் அந்நியபாஷை பேசினாரா, அபிஷேகம் பெற்றவரா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஏழு வருஷம் ஆளில்லாமல் சபையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை.

போன வாரம் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். ஏழு வருஷமா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு உள்ளே போய் மகனுடைய போட்டோவை எடுத்து வந்து என் கையில் தந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உபவாச ஜெபத்தில் அந்தப் பிள்ளைக்காக விசேஷமாய் ஜெபிக்கப்போகிறோம். முடிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள்.