ஆலைத் தொழிலாளரும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பி என்று நாம் போற்றுகின்றோம். சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற தலைவர் என்று வணங்குகின்றோம். ஆனால், ஆலையில் விரலிழந்த தொழிலாளிக்கும், உயிரிழந்தவனின் குடும்பத்திற்கும் இழப்பீடு தவறாமல் கிடைக்க வழி வகுத்தோருள் அவரும் ஒருவர் என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். கரியாலூர் முதலான மலையூர்களிலிருந்தும் கள்ளக்குறிச்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் நம் இளைஞர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். ஆகவே, அவர் வாழ்வின் இப்பகுதியை இவ்வெள்ளிவிழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். அக்குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்பில் ஒரே அறையில் தங்கிற்று. அங்கிருந்துதான் அவர் 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேசனும், 1912ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டமும் தேறினார். பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டனில் பொருளியலும் சட்டமும் கற்றார். இத்துணைப் பட்டங்கள் பெற்று மீண்ட பின்னும், பல்லாண்டுகள் பரேல் குடியிருப்பிலேயே வாழ்ந்தார். ஆலைச் சங்கொலியும் தொழிலாளர் துயரமும் அவருக்கு நூலறிவாக வந்தவை அல்ல.

பம்பாய் ஆலைகளிலும் தீண்டாமை குடியிருந்தது. நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் நாடாவின் துளை வழியே ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதார் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்று ஏனையோர் மறுத்தமையால், நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டனர். 1928ஆம் ஆண்டின் பெரு வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் இதனைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்து, எல்லாப் பிரிவிலும் சம உரிமை கேட்டார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார்.

1942 சூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே பிறந்திருந்தது. எனினும் இழப்பீட்டைத் தனி முதலாளியே கொடுக்க வேண்டும். அதற்காகக் காப்பீடு செய்வதும் செய்யாததும் அவர் விருப்பம். முதலாளி நொடித்துப் போனாலோ, கொடுக்க மறுத்தாலோ, கை ஒடிந்த ஏழை எவ்வாறு வழக்காடுவான்? இக்குறையை நீக்கும் வழி கட்டாயக் காப்பீடே ஆகும். போர்க்காலத்தில் 1943ஆம் ஆண்டுப் போர்க்காய இழப்பீட்டுக் காப்பீட்டு மசோதாவை அண்ணல் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். குண்டுவீச்சு முதலியவற்றால் காயமுறும் தொழிலாளருக்கு இழப்பீடு தருவதும், அப்பொறுப்புக்காகக் காப்பீடு செய்வதும் முதலாளிகளின் கடமையாயின.

அவர் பொறுப்பிலிருந்தபோதே, தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கப் பேராசிரியர் அடார்கர் 1943இல் நியமிக்கப்பெற்றார். 1944இல் அவர் அளித்த அறிக்கை பஞ்சாலை, பொறியியல், கனிம உலோகத் தொழில்களை முதற்கண் எடுத்துக்கொண்டது. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவன வல்லுநர் இருவர் அதனை ஆராய்ந்த பின்னர், வேலையில் நேரும் காயமும் மகப்பேறும் அதே திட்டத்துள் சேர்க்கப்பட்டன. வாரத்திற்கு 54 மணி என்றிருந்த ஆலை வேலைநேரம் 48 மணியாகக் குறைந்ததும் 1946ஆம் ஆண்டிலேயே ஆகும். அவ்வாண்டில் அண்ணல் பதவி விலகினார். அவருக்குப்பின் தொழிலாளர் அமைச்சரான பாபு ஜெகஜீவன்ராம், அவரும் நம் சமுதாயத்தவரே, காப்பீட்டு மசோதாவை நிறைவேற்றினார். அதுவே 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய அத்திட்டம், 1955இல் கோவைக்கு வந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டு, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினும் அடிப்படை மாறவில்லை. 2019ஆம் ஆண்டு சூலையில் வகுத்த விகிதப்படி, பதினாயிரம் ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளி 75 ரூபாயும் முதலாளி 325 ரூபாயும் செலுத்த வேண்டும். அதற்கீடாக மருத்துவமும், காயத்தால் வேலைக்குச் செல்லா நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும், உயிரிழப்பு நேரின் குடும்பத்திற்கு ஓய்வூதியமும் உண்டு. இது பிச்சையன்று, கருணைத் தொகையுமன்று. நாமும் பணம் செலுத்திப் பெற்ற உரிமை.

இளைஞர்களே! ஊசி விரலில் ஏறிய பின்னோ, கட்டிங் எந்திரம் கையை வெட்டிய பின்னோ பதிவேட்டில் பெயர் தேடுவதால் பயனில்லை. பீஸ் ரேட் வேலையாயினும், ஒப்பந்தக்காரர் வழி வந்த வேலையாயினும், சேர்ந்த முதல் நாளே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்க்கும் உடன் வேலை செய்வோர்க்கும் இதனைச் சொல்லிக் கொடுங்கள். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி புகட்டி வருவது, வேலைக்குச் செல்வதற்கு மட்டுமன்று; செல்லும் இடத்தில் உரிமையைப் படித்தறிந்து கேட்பதற்கும் ஆகும். அண்ணலுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம் அதுவே.