முகம் சுளித்த சிறுவன் நாடகத் தந்தை ஆனார்!

செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்று ஒரு பெயர் உண்டு. மதுராந்தகம் ஏரி பெரியது. வேடந்தாங்கல் ஏரி பெயர் பெற்றது. ஐப்பசி, கார்த்திகையில் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள், நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, வெயில் ஏறத் தொடங்கியதும் குடும்பத்தோடு பறந்துவிடும்.

பறவைகள் புறப்படும் அந்தக் காலத்தில்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூத்து ஆரம்பமாகும். அறுப்பு முடிந்து, குதிரில் நெல் இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் இரவு முழுவதும் பாரதம் ஆடுவார்கள். முகவீணையும் மத்தளமும் முழங்கும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். விடிகிற வரையில் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

அந்த ஜில்லாவில், பல்லாவரத்தை அடுத்து உள்ள ஊர் பம்மல். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் சென்னைப் பட்டணத்தில் குடியேறி, ஆச்சாரப்பன் தெருவில் வசித்தது. குடும்பத் தலைவர் விஜயரங்க முதலியார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். தமிழ்ப் புத்தகங்கள் வெளியிட்டவர். அவருக்கும் மாணிக்கவேலம்மாளுக்கும் 1873-ஆம் ஆண்டு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் பின்னாளில் தமிழ் நாடகத் தந்தை என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாடகத் தந்தைக்கு இளம் பிராயத்தில் தமிழ் நாடகம் என்றாலே வேப்பங்காய்!

செத்த பிள்ளை கொசு அடித்தான்

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்மாவின் வாயால் புராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். கதையில் அரிச்சந்திரன் நாடு இழந்தான், மனைவியை விற்றான், பிள்ளையைப் பறிகொடுத்தான் என்றால் கேட்கிற குழந்தைக்குத் தொண்டை அடைக்கும். அதே கதையைக் கொட்டகையில் போய்ப் பார்த்தால்?

அந்நாளையப் பட்டணத்து நாடகம் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. கிராமத்துக் கூத்துக்கு அதன் அழகு உண்டு. அது திறந்த வெளிக்கு என்றே பிறந்தது. பட்டணத்தில் அந்தப் பாட்டுகளைப் பெயர்த்து எடுத்து வந்து, பார்ஸிக் கம்பெனிகளைப் பார்த்துச் செய்த திரைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கூத்தின் வேகம் போயிற்று. பார்ஸிக்காரர்களின் ஒழுங்கு வரவில்லை.

மயான காண்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி கதறவேண்டிய இடம். சுடலை காப்பவன் தன் கணவன் என்று அறியாமல், கால் பணத்துக்கும் முழத் துண்டுக்கும் வழியில்லாமல் அவள் நிற்கும் இடம். கல்லும் கரையவேண்டாமா? ஆனால் கொட்டகையில் சந்திரமதி ராக ஆலாபனையில் இறங்கிவிடுவாள். பக்க வாத்தியக்காரர் விடமாட்டார். சபையோர் இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கூச்சல் போடுவார்கள். அவளும் முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அதற்குள் மடியில் கிடக்கும் செத்த பிள்ளை கொசு அடித்துக்கொள்வான். புலம்பலுக்கு நடுவே விகடன் ஒருவன் வந்து கதைக்குச் சம்பந்தமில்லாத கோணங்கி செய்துவிட்டுப் போவான்.

இப்படி எல்லா நாடகமும் இருந்தது என்று சொன்னால் பழி வந்து சேரும். ஆயினும் சிறுவன் சம்பந்தம் பார்த்த தமிழ் நாடகங்கள் அவரை முகம் சுளிக்க வைத்தன. ஆங்கில நாடகங்களின் மேல்தான் அவருக்கு ஆசை பிறந்தது. மாநிலக் கல்லூரியில் படித்த வாலிபர்களுக்கு அந்நாளில் ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். நாடகக்காரனைக் கூத்தாடி என்று சொல்லித் திண்ணையில்கூட ஏற்றாத காலம் அது. நல்ல குடும்பத்துப் பிள்ளை அரிதாரம் பூசுவதாவது!

பல்லாரியில் இருந்து வந்தவர்கள்

1891-ஆம் ஆண்டு அந்த எண்ணம் அடியோடு மாறியது.

பல்லாரியில் வக்கீல் தொழில் செய்துவந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு என்பவர், சரச விநோதினி சபா என்ற பெயரில் தெலுங்கு நாடகங்கள் நடத்திவந்தார். அவர் தம் சபையாருடன் சென்னைக்கு வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்பொழுதுதான் புதிதாக எழும்பியிருந்த விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் நடந்தது.

கல்லூரி மாணவராக இருந்த சம்பந்தம் அதைப் போய்ப் பார்த்தார். மேடையில் நின்றவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், படித்தவர்கள். அவர்கள் பிழைப்புக்காக வேஷம் கட்டியவர்கள் அல்லர். கலைக்காகக் கட்டியவர்கள். கதையும் பாட்டும் இருந்தன. ஆனால் கதையைப் பாட்டு விழுங்கவில்லை. தெலுங்கிலே இது முடியுமானால் தமிழிலே ஏன் முடியாது?

ஊரில் நாடகம் சரியில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அலுத்துக்கொண்டதோடு நில்லாமல் அடுத்த காரியத்தைச் செய்தவர் இந்தப் பதினெட்டு வயது வாலிபர். சில சிநேகிதர்களைக் கூட்டினார். 1891 ஜூலை 1-ந் தேதி சுகுண விலாச சபை உதயமாயிற்று.

சபை பிறந்துவிட்டது, நாடகம் எங்கே? தமிழிலே அவர்கள் நினைத்த மாதிரி நாடகம் கிடையாது. ஆகவே சம்பந்தமே எழுத உட்கார்ந்தார். தஞ்சைக் கோவிந்தசாமி ராவ் நடத்திய மனமோகன நாடகக் கம்பெனியின் ஆட்டம் ஒன்று மட்டும் அவருக்குத் தைரியம் தந்திருந்தது. தமிழிலும் வசனம் பேசி நடிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. 1893-ல் புஷ்பவல்லி என்ற முதல் நாடகம் விக்டோரியா ஹாலில் அரங்கேறியது. லீலாவதி சுலோசனா தொடர்ந்து வந்தது.

பாட்டை அவர் அடியோடு ஒழித்துவிட்டார் என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. பாட்டில்லாமல் நாடகமா என்று கேட்ட ஊரில் அது நடக்கிற காரியமும் அல்ல. அவர் பாட்டைக் குறைத்தார். பேச்சை முன்னால் கொண்டுவந்தார். விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஒத்திகை இல்லாமல் ஒருவரும் மேடை ஏறக்கூடாது என்று கண்டிப்புச் செய்தார். அவரே பெரிய பாடகர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாட வராதவன் கதாநாயகனாக நிற்பது என்பது அந்நாளில் யாரும் கேள்விப்படாத சங்கதி.

சங்கிலியில் நின்ற மகன்

அந்தப் பாடாத கதாநாயகன் ஜயித்த நாடகம் மனோகரன். 1895-ல் அரங்கேறியது. எழுதியவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

கதை ராஜா கதைதான். ஆனாலும் உள்ளே இருப்பது ஒரு குடும்பம். அரசன் புருஷோத்தமன் வசந்தசேனை என்ற பெண்ணின் மோகத்தில் மனைவியை மறந்தவன். ராணி பத்மாவதி மானத்தோடு ஒதுங்கி வாழ்பவள். மகன் மனோகரன் புலி போன்ற வீரன். அம்மாவின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்டவன். அவமானம் தாங்காமல் துடிக்கும் அந்த மகனைச் சபை நடுவே சங்கிலியால் கட்டி நிறுத்துகிறார்கள். அவனைக் கட்டியிருப்பது இரும்பா, அம்மாவின் வார்த்தையா? இந்தக் கேள்வியில் சபை மூச்சுப் பிடித்து உட்கார்ந்தது. ஆலாபனை இல்லை, விகடன் நடுவில் வரவில்லை. அம்மாவும் பிள்ளையும் பேசினார்கள், ஜனங்கள் அழுதார்கள்.

அரிச்சந்திரன் கொட்டகையில் கிடைக்காமல் போன கண்ணீர் அது.

பகலில் கோர்ட்டு, மாலையில் ஒத்திகை, இரவில் எழுத்து என்று முதலியாரின் வாழ்க்கை ஓடியது. 1898 முதல் வக்கீல். 1924 முதல் 1928 வரையில் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி. ஒரு நீதிபதி வேஷம் போடுகிறார் என்ற செய்தி கூத்தாடி என்ற வசவைப் பாதி கொன்றுவிட்டது. சத்தியமூர்த்தி, ஸர் ஸி. பி. ராமசாமி ஐயர், ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள் சுகுண விலாச சபையில் சேர்ந்திருந்தார்கள். சபையார் இலங்கைக்கும் போய் நடித்து வந்தார்கள்.

பெண் வேடத்துக்கு ஆண்களே வரவேண்டிய காலம். சி. ரங்கவடிவேலு என்ற வக்கீல் சிநேகிதர் முதலியாருக்கு ஜோடியாக நெடுங்காலம் நடித்தார். மேடையிலும் வீட்டிலும் இணைபிரியாதவர்கள். ரங்கவடிவேலு முந்திக்கொண்டு மறைந்தார். அந்தக் குறை முதலியாருக்குக் கடைசி வரையில் தீரவில்லை.

ஷேக்ஸ்பியரையும் அவர் விடவில்லை. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் வர்த்தகன் வாணீபுரத்து வணிகன் ஆனான். பெயரிலே ஒலி மாறாமல், ஆளிலே தமிழன் ஆகிவிடும் தந்திரம் அது. ஜமீன்தார் வீட்டுச் சபாபதியும் அதே பெயருள்ள வேலைக்காரனும் அடிக்கும் கூத்து, சபாபதி என்ற நாடகமாகி ஊரையே சிரிக்க வைத்தது. மொத்தம் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எல்லாமே மனோகரன் அல்ல. அவசரத்தில் எழுதியவையும் அதில் உண்டு.

உண்மை பேசாத ராஜா

அரிச்சந்திரனை மட்டும் அவர் மறக்கவே இல்லை. அந்தக் கதையைத் தாமே நாடகமாக எழுதினார். அதோடு விட்டாரா? சந்திரஹரி என்று இன்னொன்றும் எழுதினார். பெயரைத் திருப்பிப் போட்டது போலவே கதையையும் திருப்பிப் போட்டார். அரிச்சந்திரன் பொய் சொல்லாதவன். சந்திரஹரி மறந்தும் உண்மை பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன்! மக்கள் மனப்பாடமாக அறிந்த கதை ஆகையால், ஒவ்வொரு காட்சியும் தலைகீழாக வரும்போது கொட்டகை அதிர்ந்தது. அழவேண்டிய இடத்தில் கேலியாகிப் போன பழைய நாடகத்துக்கு, கேலிக்கென்றே எழுதிய நாடகத்தால் பதில் சொல்லிவிட்டார். 1941-ல் என். எஸ். கிருஷ்ணன் நடித்துப் படமாகவும் வந்தது. அதே ஆண்டில் சபாபதியும் படமாயிற்று.

ஆனால் பாட்டு சும்மா இருக்கவில்லை. மனோகரன் நாடகத்தை அமெச்சூர் சபைகள் மட்டுமா நடித்தன? பாய்ஸ் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்தார்கள். தம் அனுமதி இல்லாமல் நடிக்கக்கூடாது, ஆசிரியருக்கு உரிய தொகை வரவேண்டும் என்பதில் முதலியார் கறாராக இருந்தார். வக்கீல் அல்லவா! என்றாலும் நாடகத்துக்குப் பணம் வாங்கலாம், ஜனங்களின் காதை மாற்ற முடியுமா? கிட்டப்பாவின் குரலுக்கு ஊர் ஊராக மயங்கிக் கிடந்த காலம். பாடத் தெரிந்தவனுக்குத்தான் ராஜபார்ட்.

பேசும் படம் வந்ததும் கேட்கவேண்டியதே இல்லை. ஒரு படத்தில் முப்பது பாட்டு, நாற்பது பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். 1936-ல் மனோகரா படமாகியபோது முதலியாரும் அதில் நடித்தார். இந்தத் தடவை மகன் வேடம் அல்ல. அறுபத்து மூன்று வயதில், தந்தை புருஷோத்தமன் வேடம். இருபத்திரண்டு வயதில் தாம் படைத்த மகனை, அவனுக்கு அநீதி செய்த அப்பனாக எதிரே நின்று பார்க்கும் நிலை எந்த நாடகாசிரியருக்கு வாய்க்கும்!

அந்தப் படம் பெறாத புகழை 1954-ல் வந்த மனோகரா பெற்றது. சிவாஜி கணேசன் மகன், கண்ணாம்பா தாய், வசனம் மு. கருணாநிதி, டைரக்‌ஷன் எல். வி. பிரசாத். அந்த வசனம் முதலியாரின் வசனம் அல்ல. அவருடையது வீட்டுப் பேச்சை ஒட்டியது. இது மேடை முழக்கம். ஆனாலும் ஜனங்கள் எதற்காகத் தியேட்டருக்குப் போனார்கள்? பாட்டுக்காக அல்ல. பேச்சைக் கேட்கப் போனார்கள். படத்தின் வசனம் தனியே ஒலித்தட்டாக வந்து, டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் முழங்கியது. 1891-ல் அந்த வாலிபர் பிடித்த பிடிவாதம் அறுபது வருஷம் கழித்து வேறொருவர் நாக்கில் ஏறி ஜயித்தது.

நாடக மேடை நினைவுகள் என்ற பெயரில் ஆறு பாகங்களாக அவர் எழுதிய நூல் தமிழ் மேடையின் சரித்திரத்துக்கு முதல் ஆதாரம். தாம் தடுமாறிய இடங்களையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1959-ல் இந்திய சர்க்கார் பத்ம பூஷண் விருது கொடுத்துக் கௌரவித்தது.

முதுமையில் கண் பார்வை மங்கிவிட்டது. நாடகம் பார்த்துக் கசந்து, நாடகம் பார்த்தே தெளிந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் மேடை வெறும் குரலாகவே வந்து சேர்ந்தது. அப்படியும் சுயசரிதை எழுதுவதை நிறுத்தவில்லை. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார்.

பம்மலில் இன்று ஏரியைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. ஊர் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தெற்கே வேடந்தாங்கலில் பறவைகள் இன்னமும் வருகின்றன. அறுப்பு முடிந்த ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில், விடிகிற வரையில், இன்னமும் பாரதம் ஆடுகிறார்கள்.