யார் இந்த ஹெலன் டவுசிக்? இதய ஆபரேஷன் முடிந்த பிறகும் செக்கப் ஏன்?

தருமபுரி மாவட்டம் இண்டூரில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சாச்சு. பிள்ளை ஓடியாடி விளையாடுது. இனி எதுக்கு பஸ் ஏறி செக்கப்புக்குப் போகணும் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்புதான். போகத்தான் வேண்டும். ஏன் என்பதை ஒரு டாக்டரம்மாவின் வாழ்க்கையே சொல்கிறது.

விரல்களால் இதயத்தைக் கேட்டவர்

ஹெலன் டவுசிக் 1898இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 11 வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். டிஸ்லெக்சியாவால் எழுத்துக்கூட்டிப் படிப்பதே போராட்டம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களுக்குப் பட்டம் தராது. அதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1927இல் டாக்டர் ஆனார். 1930இல் அங்கேயே குழந்தைகள் இதய கிளினிக்கின் பொறுப்பாளர்.

இதற்கிடையே காதும் மந்தமாகிவிட்டது. இதய டாக்டருக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது? குழந்தையின் நெஞ்சில் விரல்களை வைத்தே துடிப்பைப் படிக்கப் பழகினார்.

நீலக் குழந்தைகள்

அவரிடம் வந்த பல குழந்தைகளின் உதடும் நகமும் நீலமாக இருந்தன. நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாததே காரணம் என்று புரிந்துகொண்டார். கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் ஆபரேஷனை 1944 நவம்பர் 29 அன்று ஆல்பிரட் பிளேலாக் செய்தார். அதை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து பார்த்து நுட்பத்தை உருவாக்கியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவரான அவருக்கு உரிய பெயர் கிடைக்கப் பல வருஷம் ஆனது. அந்த முதல் குழந்தை சில மாதங்களே உயிரோடிருந்தது. ஆனால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதுவே வழி திறந்தது.

டவுசிக் அதோடு நிற்கவில்லை. 1963இல் ஓய்வுபெற்ற பிறகும், தன்னிடம் வந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின் எப்படி இருக்கிறார்கள் என்று தேடித்தேடிக் கேட்டு எழுதிவைத்தார். சரிசெய்த இதயமும் காலம் போகப்போக மாறும் என்பது அப்படித்தான் தெளிவானது.

கரோனரி குழாயை ஏன் கவனிக்கணும்?

1949இல் டவுசிக்கும் ரிச்சர்டு பிங்கும் சேர்ந்து விவரித்த ஒரு கோளாறுக்கு இருவர் பெயருமே நிலைத்துவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் தப்பான இடத்தில் இருக்கும் கோளாறு அது. இன்று பெரும்பாலும் அந்தக் குழாய்களை இடம்மாற்றி வைத்துச் சரிசெய்கிறார்கள். இந்த வகை ஆபரேஷனை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரேசிலின் அடிப் ஜட்டேனே, 1975இல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்களையும் வெட்டியெடுத்துப் புது இடத்தில் தைக்க வேண்டும். பிள்ளை வளர வளர, தைத்த இடம் சிலருக்குச் சுருங்கலாம், மடங்கலாம். ஆபரேஷனில் இதயத்தின் நரம்புகளும் அறுபடுவதால் நெஞ்சுவலியே தெரியாமலும் போகலாம். அதனால்தான் வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை, சிடி ஆஞ்சியோகிராம் என்று டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாடும்போது மயக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி போகணும். ஆபரேஷன் விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமா வைங்க. பிள்ளை பெரியவனானதும் அவன் கையிலேயே கொடுங்க.

1986 மே 20 அன்று, வாக்குப்பதிவு நாளில் நண்பர்களைக் காரில் அழைத்துச் சென்றபோது நடந்த விபத்தில் டவுசிக் இறந்தார். 88 வயது நிறைய நாலு நாள்தான் பாக்கி. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளை அவர் கடைசிவரை கண்காணிப்பிலிருந்து விடவில்லை. இண்டூரிலிருந்து செக்கப்புக்குப் பஸ் ஏறும் ஒவ்வொரு பயணமும் அதே வேலையின் தொடர்ச்சிதான்.